கணினி நின்றால் யாருக்கு நட்டம்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக அளித்துவந்த பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தினால் 2028 வரை காலம் தள்ளலாம். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பழைய கணினிகளில் முறைப்படி ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆக, நேற்றுவரை நன்றாக ஓடிய கணினிகள்கூட வீட்டிலும் கடையிலும் மருத்துவமனையிலும் ஒரே நேரத்தில் ஓய்வுக்கு வந்து நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து அவற்றின் விலையும் ஏறிவிட்டது. தவறாக வாங்கினால் கையைச் சுடும் காலம் இது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையாகட்டும், பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: “என்ன பட்ஜெட்டுல பாக்குறீங்க சார்? ஐ3 போதுமா, ஐ5 வேணுமா?” விலையும் வேகமும் முக்கியம்தான். ஆனால், அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கணினி நின்றுபோனால் யார் பாதிக்கப்படுவார்கள், எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? வீட்டில் ஒரு மாலைப் பொழுது கெடும். கடையில் ஒரு நாள் வியாபாரம் போகும். மருத்துவமனையில் ஒருவருடைய சிகிச்சையே தடைபடும். மூன்று இடத்துக்கும் ஒரே அளவுகோலை வைத்து வாங்குவதுதான் நாம் தொடர்ந்து செய்துவரும் பிழை.

வீட்டுக்கு எது போதும்?

வீட்டுக் கணினி ஒரு நாள் ஓடாவிட்டால் வீடு சமாளித்துக்கொள்ளும். பாடத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம். மின் கட்டணத்தை நாளைக்குக் கட்டலாம். எனவே, வீட்டுக் கணினியில் வேகத்துக்காக அளவுக்கு மீறிச் செலவிட வேண்டியதில்லை. வீட்டில் ஈடுகட்ட முடியாத இழப்பு ஒன்றுதான்: பிள்ளைகளின் படங்கள், சான்றிதழ்கள், பத்திரங்களின் நகல்கள். ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை அவற்றைப் பிரதியெடுத்து வைப்பது, விலையுயர்ந்த செயலியைவிட அந்தக் குடும்பத்துக்கு அதிகம் உதவும்.

‘மெதுவாக இருக்கிறது’ என்று ஒதுக்கப்படும் பல மடிக்கணினிகளில் உண்மையான குறை செயலியில் இல்லை. உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, ரேமை 8 ஜிபி ஆக்கினால் அவை இன்னும் சில ஆண்டுகள் சுறுசுறுப்பாக ஓடும். விண்டோஸ் 11 ஏறாத கணினியில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நிறுவலாம். இணையம், கடிதம், கணக்குத் தாள், காணொளி ஆகிய அன்றாட வேலைகளுக்கு அவை தாராளமாகப் போதும். கேரள அரசுப் பள்ளிகள், கல்வித் தொழில்நுட்பத்துக்கான மாநில அரசின் ‘கைட்’ நிறுவனத்தின் மூலம் இதை மாநில அளவிலேயே செய்துகாட்டியிருக்கின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் கட்டற்ற மென்பொருளை ஒட்டியே எழுதியதால்தான் அங்கே அது நிலைத்தது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸ் சேர்த்தே தரப்பட்டது. வகுப்பறையில் அதைக் கற்பிக்கும் ஏற்பாடும் அதே அளவுக்கு வளர்ந்திருந்தால், இன்று பல வீடுகளுக்குப் புதுக் கணினிச் செலவு மிஞ்சியிருக்கும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம்; ஆறேழு ஆண்டுகள் ஓட வேண்டும் என்றால் 16 ஜிபி நல்லது. ரேமைப் பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா, அல்லது பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விளம்பரச் சீட்டுகளைவிட இந்த விடைகள்தான் ஐந்தாவது ஆண்டில் கைகொடுக்கும்.

கடைக்கும் தொழிலுக்கும்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மாலை ஏழு மணி. நடுத்தரமான ஒரு ஜவுளிக் கடை. மூன்று பில் கவுண்டர்களும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரே கணினியிலிருந்துதான் சரக்குக் கணக்கை எடுக்கின்றன. கடையிலேயே மிகப் பழைய பெட்டி அதுதான். அதன் மேல் பழைய பில் புத்தகக் கட்டு. பின்புறம் மின்விசிறியை அடைத்த பஞ்சுத் தூசி. யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி செத்து ஓராண்டு ஆகிறது. மின்சாரம் ஒரு விநாடி போய்த் திரும்புகிறது. மூன்று கவுண்டரும் ஒன்றாக நிற்கின்றன. வரிசை தெருவரைக்கும் நீள்கிறது. எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இப்படி ஒரு கடையை நீங்கள் பார்க்கலாம். முதலாளியின் மேசையில் இருக்கும் கணினி புதியது; கடையைத் தாங்கும் கணினிதான் கழித்துக்கட்டியது.

தொழிலுக்கான கணினியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மென்பொருள். கணக்குக்கு டேலி என்றால் அது விண்டோஸில்தான் முழுமையாக ஓடும். ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்கான டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கன்களும் விண்டோஸில்தான் தொல்லை குறைவாக வேலை செய்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயம். நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் அழிக்க முடியாத தடமாகப் பதிய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆடிட்டரிடம் அரைமணி நேரம் பேசி இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு கணினிக் கடைக்குப் போவதே முறை.

அடுத்தது காலக் கணக்கு. ஒரு கணினி ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும். அதில் ஏறிய கணக்குகளையோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். நிறுவனச் சட்டம் எட்டு ஆண்டுகள் கேட்கிறது. இயந்திரத்தைவிடத் தரவுக்கு ஆயுள் அதிகம். ஆகவே, இந்த மென்பொருளைக் கைவிட்டால் என் கணக்கை முழுதாக வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதை வாங்கும் அன்றே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பிரதியெடுப்பதில் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது கடைக்கு வெளியே. எப்போதும் செருகியே கிடக்கும் பென் டிரைவ் இந்தக் கணக்கில் சேராது. பணயத் தாக்குதல் நிரல் உள்ளே நுழைந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ‘ரெய்டு’ ஏற்பாடும் டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழிந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்பிக் கடை நடத்த முடியாது. இவற்றோடு, ஒழுங்கான எர்த் இணைப்பும், பேட்டரி உயிரோடு இருக்கிற யுபிஎஸ்-ஸும் சேர்ந்தால்தான் அது வியாபாரத்துக்கான கணினி.

எல்லாம் சரியாக இருந்தும் நின்றுபோகும் நாள் வரலாம். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு பிழையான மேம்படுத்தல், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் ஊழியர்கள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுக்க ஆளும் தாளும் இருந்ததால்தான் அன்றைக்குப் பயணிகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மருத்துவமனை: தவறக் கூடாத இடம்

வீட்டுக்கும் கடைக்கும் சொன்னவை எல்லாம் மருத்துவமனைக்கும் பொருந்தும்; ஆனால் அங்கே அவை போதாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. வெளிநோயாளிப் பதிவு, உள்நோயாளி அனுமதி, ஆய்வக முடிவு, பில் என எல்லாமே சுமார் இரண்டு வாரங்கள் தாளுக்குத் திரும்பின. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்றும், வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே காரணம் என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்டின் முதன்மையான மருத்துவமனையிலேயே இது நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2017 மே 12 அன்று, ‘வான்னாக்ரை’ என்ற பணயத் தாக்குதல் நிரல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைத் தாக்கியது. இங்கிலாந்தின் 236 மருத்துவமனை நிர்வாக அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. சுமார் 19,000 முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சில இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவில் உள்ள வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்த நிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் இணைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவச் சொல்லி எச்சரிக்கையும் போயிருந்தது. கணினிகள் இருந்தன, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்ற தெளிவு இல்லை. இரண்டு நிகழ்வுகளிலும் சறுக்கியது செயலியின் வேகமோ திரையின் அளவோ இல்லை. எதை எதோடு இணைப்பது, யார் கவனிப்பது என்ற முடிவுகள்தான்.

மருத்துவமனைக்கான கணினியை ஒரே வகையாக நினைப்பதில் தொடங்குகிறது சிக்கல். ஓ.பி. சீட்டு போடும் இடம், மருந்தகம், பில் பிரிவு ஆகியவற்றுக்கு நல்ல தரமான அலுவலகக் கணினியே போதும். அங்கே வேண்டியது உறுதி: நாள் முழுக்கத் தட்டினாலும் தாங்கும் விசைப்பலகை, மின்தடையைத் தாங்கும் யுபிஎஸ், ஒரு கணினி பழுதானால் பத்து நிமிடத்தில் மாற்றிவைக்க உபரியாக ஒன்று. காலை எட்டு மணிக்கு அரசு மருத்துவமனைப் பதிவு வரிசையில் நின்று பாருங்கள். சீட்டுப் போடும் ஊழியர் பெயரைத் தட்டிவிட்டுத் திரை அசைவதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும், கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாய்க்குக் கூடுதல் விநாடி. நூற்றுக்கணக்கானோர் நிற்கும் வரிசையில் அது மணிக்கணக்காகத் திரளும்.

நோயாளியின் கட்டிலுக்கு அருகே நிலைமை மாறுகிறது. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601 என்ற சர்வதேசத் தரம், சாதாரண நிலையில் கருவியைத் தொடுபவர் மீது பாயும் கசிவு மின்னோட்டம் 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அலுவலகக் கணினிகளுக்கான தரம் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஆரோக்கியமான ஒருவர் உணராத கசிவுகூட, உடலுக்குள் குழாயோ கம்பியோ செருகப்பட்டிருக்கும் நோயாளிக்கு ஆபத்தாகலாம். ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் கட்டிலைச் சுற்றிய ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் எல்லைக்குள் அந்தத் தரச் சான்று பெற்ற கணினிதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக மின்சாரம் தர வேண்டும். தூசியை உறிஞ்சிச் சுழற்றும் மின்விசிறி இல்லாத பெட்டியும், கிருமிநாசினியால் துடைத்தால் பழுதாகாத விசைப்பலகையும் அங்கே அடிப்படைத் தேவைகள்.

எக்ஸ்-ரே, சிடி, மேமோகிராம் படங்களைப் படித்து முடிவு சொல்லும் அறைக்கு இன்னொரு வகை வேண்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான சாம்பல் நிறப் படிகளைத் திரை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு, மருத்துவப் படங்களுக்கான ‘டைகாம்’ தரத்தில் தனிப் பகுதியே இருக்கிறது. அதற்கேற்ப அளவீடு செய்த திரைகளுக்கு விலை அதிகம். அந்தச் செலவைத் தவிர்த்துச் சாதாரணத் திரையில் படிப்பதும், படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. அவசரத்துக்கு அது உதவலாம். இறுதி முடிவை அதை வைத்துச் சொல்லக் கூடாது. மார்பகத்தில் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளி ஒன்று திரையில் தெரியாமல் போனால், அதற்கான விலையை அந்தப் பெண்தான் கொடுப்பார்.

கடைசி வகை, கருவிக்குள்ளேயே இருக்கும் கணினி. ஒரு சிடி ஸ்கேனரைப் பத்து ஆண்டுகள் வரை ஓட்டுகிறோம். அதை இயக்கும் கணினியின் இயங்குதளம் அதற்குள் ஆதரவு இழந்துவிடுகிறது. தயாரித்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் மருத்துவமனை அதில் கைவைக்கவும் முடியாது. வழி இரண்டு. எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு இணைப்புகள் தருவீர்கள் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது ஒன்று. அத்தகைய கருவிகளை இணையத்திலிருந்தும் பில் பிரிவின் கணினிகளிலிருந்தும் பிரித்துத் தனி வலைப்பின்னலில் வைப்பது இன்னொன்று. எய்ம்ஸ் கற்றுத்தந்த பாடமும் இதுவே.

மென்பொருள் விஷயத்தில் மருத்துவமனைகள் சொந்தக் காலில் நிற்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சத்தீஸ்கரின் கனியாரி என்ற கிராமத்தில் ஜன் ஸ்வஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மருத்துவமனையின் தேவையை ஒட்டி உருவானது ‘பாம்னி’ என்ற கட்டற்ற மென்பொருள். நோயாளிப் பதிவு, ஆய்வகம், கணக்கு மூன்றையும் ஒன்றாக இணைக்கும் அது இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. விலை கொடுத்து வாங்கினாலும் இலவசமாக எடுத்தாலும் நிபந்தனை ஒன்றுதான்: நோயாளியின் பதிவுகள் பொதுத் தரத்தில் இருக்க வேண்டும், வேறு அமைப்புக்கு மாற்ற முடிய வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. பாதுகாக்கத் தவறினால், 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இத்தனை சட்டங்களுக்கு நடுவே இன்னொன்றும் வேண்டும்: வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில், எந்த மாத்திரையை எந்த வேளைக்கு எடுப்பது என்பதாவது தமிழில் அச்சாக வேண்டும். அது முடியாத மென்பொருளைத் தமிழ்நாட்டு மருத்துவமனை எதுவும் வாங்கவே கூடாது.

மருந்துக்குச் செய்ததைக் கணினிக்கும் செய்வோம்

அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கணினி வாங்கும்போது குறைந்த விலைப்புள்ளியே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. பெட்டிகள் வந்திறங்கும், பொருத்திய நாளில் படம் எடுப்பார்கள். மூன்று ஆண்டு வாரண்டி முடிந்த மறுநாள் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பது மருத்துவருக்கும் தெரியாது, செவிலியருக்கும் தெரியாது. பேட்டரி வாங்கவும் டோனர் வாங்கவும் தனித் தலைப்பில் பணம் இருக்காது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’, கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ பதிவு, ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க அட்டை எண் என்று ஒவ்வொரு திட்டமும் கணினியை நம்பி வளர்ந்துகொண்டே போகிறது. கிராமத்துச் செவிலியர் பகலில் நோட்டில் எழுதி இரவில் கணினியில் ஏற்றும் இரட்டைச் சுமையைச் சுமக்கிறார் என்றால், அங்கே கணினி வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது.

இதற்கு வழி தேடித் தமிழ்நாடு வெளியே போக வேண்டியதில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து வாங்கும் முறையையே மாற்றிக் காட்டியது. தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. தகுதியில் தேறியவரின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். வாங்கிய மருந்தின் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். தரம் தவறினால் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ்புக் உண்டு. கிடங்குகளின் இருப்பு கணினியில் தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன. மருந்தில் இவ்வளவு கறாராக இருக்கத் தெரிந்த மாநிலத்துக்குக் கணினியில் இருக்கத் தெரியாதா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலில், பெட்டியின் விலையை விட்டுவிட்டு ஏழு ஆண்டுகளுக்கான மொத்தச் செலவை ஒப்பிட வேண்டும். பராமரிப்பு, பேட்டரி, பயிற்சி எல்லாம் அதில் அடங்க வேண்டும். பதிவுக்கூடம், கட்டில் அருகு, படம் படிக்கும் அறை, கருவிக் கணினி என நான்கு இடங்களுக்கும் நான்கு தனித் தரக் குறிப்புகள் வேண்டும். பழுதைச் சொன்ன எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும், தாமதத்துக்கான தண்டத் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் நிரந்தரமான கணினிப் பொறியாளர் பணியிடம் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, கணினியே இல்லாமல் ஒரு மணி நேரம் இயங்கிப் பார்க்கும் ஒத்திகையும், பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் சோதனையும் கட்டாயமாக வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. யார், யாருக்குத் தெரிவிப்பது என்ற தாள் ஒவ்வொரு மருத்துவமனையின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

விண்டோஸ் 10-இன் முடிவால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அரசும் தனியாரும் எப்படியும் பெருந்தொகை செலவழிக்கப்போகிறார்கள். அந்தப் பணம் பழைய முறையிலேயே போனால், இன்னும் பத்து ஆண்டுகளில் இதே நெருக்கடி இதே இடங்களில் திரும்பி வரும். வீட்டில் தவறாக வாங்கியவர் தன் பணத்தை இழப்பார். கடையில் தவறாக வாங்கியவர் தன் லாபத்தை இழப்பார். மருத்துவமனையில் தவறாக வாங்குகிற அதிகாரியோ நிர்வாகியோ எதையும் இழப்பதில்லை. இழப்பது, அந்தத் தேர்வில் குரலே இல்லாத நோயாளி. அவருக்காகத்தான் விதிகளை இப்போதே கடுமையாக்க வேண்டும்.